தள்ளிட்டு வாங்க

கதவுச் சாமான் விற்கிறவனிடம் கதவைப் பற்றிக் கேட்டால் மரத்தைப் பற்றித்தான் சொல்வான். நானும் அப்படித்தான் இருந்தேன். லிந்துலைப் பக்கம் ஒரு சந்தியில் எனக்கு ஹாட்வெயார் கடை. ஆணி, கதவுப் பிணைச்சல், தாழ்ப்பாள், தகரம், பெயின்ட். ஒருவன் வீட்டுக் கதவை இன்னொருவன் உதைத்து உடைத்தான் என்று கேள்விப்பட்டால், பலாவா பைனா என்று கேட்கிற வளர்ப்பு என்னுடையது. என் வாப்பா இருந்திருந்தால், அளவு எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருப்பார்.

அதனால்தான் கிஷாந்த் அன்று கடைக்குள் வந்து, "நானா, எங்க வீட்டுக் கதவ பொலிஸ் ஒடச்சிருச்சு" என்றபோது நான் முதலில் கேட்டது, "பிணைச்சல் போச்சா, பலகையும் போச்சா?" என்றுதான்.

"பொஞ்சாதியும் போயிட்டா நானா" என்றான்.

கிஷாந்த் என் கடையில் சாமான் ஏற்றி இறக்குகிறவன். முஸ்லிம் ஆளான என்னை, அண்ணன் என்கிற முறையில் நானா என்பான். மேலே தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேக்கணக்கில், லயம் என்கிற வரிசை வீட்டின் நடுவிலுள்ள ஓர் அறைக் காம்பராவில், அப்பா மாயாண்டி, அம்மா ராக்காயியோடு குடியிருக்கிறான். மனைவி கிருஷாந்திக்கு அப்போதுதான் முதல் பிள்ளை பிறந்திருந்தது. பிள்ளை பெற்ற உடம்பு காற்றில் படக்கூடாது என்று, காம்பராவுக்குள்ளேயே மூலையில் பழைய சேலையைத் திரையாகக் கட்டி, மாமியார்தான் வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டுவாள். அடுப்பு வெளியே, பக்கத்துக் குசினியில். ஒரு பானை ஊற்றிவிட்டு அடுத்த பானைக்கு ராக்காயி போய்வர வேண்டும்.

அன்றும் அப்படித்தான் போயிருந்தாள். வெளித் திண்ணையான இஸ்தோப்பில் காலடி கேட்டது. மாமியார் வந்துவிட்டாள் என்று நினைத்து, ஈர உடம்போடு திரைக்குள் உட்கார்ந்திருந்த கிருஷாந்தி குரல் கொடுத்திருக்கிறாள்: "தெறந்துதான் கெடக்கு, தள்ளிட்டு வாங்க."

வந்தது மாமியார் இல்லை. கசிப்பு என்கிற கள்ளச் சாராயத்தைத் தேடி வந்த பொலிஸ்.

அந்தக் கதவுக்கு ஒரு குணம் உண்டு. கொஞ்சம் மேலே தூக்கித் தள்ளினால்தான் திறக்கும். லயத்துப் பிள்ளைகளுக்குக்கூட அது தெரியும். பொலிசுக்குத் தெரியாது. தள்ளிப் பார்த்தார்கள், அசையவில்லை. உதைத்தார்கள். கதவு பிணைச்சலோடு கழன்று உள்ளே விழுந்தது. விழுந்த கதவு திரைக் கயிற்றையும் இழுத்துக்கொண்டு விழுந்தது.

திரை விழுந்த பிறகு கிருஷாந்தி என்ன ஆனாள் என்பதை விட்டுவிட்டு, அவர்கள் தேடியதை மட்டும் கிஷாந்த் சொன்னான். கட்டிலுக்கு அடியில் பார்த்தார்களாம். தொட்டிலில் கிடந்த பிள்ளையைத் தூக்கிவிட்டு அதற்குள்ளும் பார்த்தார்களாம். மூலையில் ஒரு கலன் அகப்பட்டது. ஒருவர் மூடியைத் திறந்து மோந்து, சந்தேகம் தீராமல் வாயிலும் ஊற்றிப் பார்த்தார். பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சிய மிளகுக் கஷாயம். இருமிக்கொண்டே வெளியே போனார்கள்.

அன்று மத்தியானமே கிருஷாந்தி பிள்ளையைச் சுற்றி எடுத்துக்கொண்டு அக்கரப்பத்தனைக்கு, தாய் வீட்டுக்கு, பஸ் ஏறிவிட்டாள். போகும்போது ஒன்றுதான் சொன்னாள்: "தட்டாம நொழைஞ்சது தப்புன்னு அவங்க வாயால சொல்லட்டும். அன்னைக்கு வர்றேன்."

"நீங்க வந்து பேசணும் நானா" என்றான் கிஷாந்த். "உங்க சிங்களம் நல்ல சிங்களம். ஓ.ஐ.சி.யும் உங்ககிட்டதான் பெயின்ட் எடுக்குறாரு."

வீட்டில் அசீசாவிடம் சொன்னேன். என் மனைவிக்கு என் தொழிலைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. "போங்களே. ஆனா நீங்க எங்க போனாலும் சாமானோடதான் திரும்பி வருவீங்க. இந்த முறையாவது பேச்சோட வாங்க" என்றாள்.

எந்தப் பொலிஸ் நிலையம் என்று கேட்காதீர்கள். நான் அங்கே இன்னும் வியாபாரம் செய்ய வேண்டியவன்.

நிலையப் பொறுப்பதிகாரியான ஓ.ஐ.சி. மரியாதையானவர். உட்காரச் சொல்லி, பிளேன்டி வரவழைத்தார். பேச்செல்லாம் சிங்களத்தில். பேரம் பேசத் தெரிந்தவன் தனக்கு வேண்டிய சாமானை முதலில் தொடவே மாட்டான். பக்கத்துச் சாமானைப் புரட்டிப் பார்ப்பான். நானும் உச்சத்திலிருந்து தொடங்கினேன். மன்னிப்புக் கடிதம் வேண்டும் என்றேன். சிரித்தார். உதைத்த கான்ஸ்டபிளை இடம் மாற்ற வேண்டும் என்றேன். இன்னும் நன்றாகச் சிரித்தார். நல்ல சகுனம், சிரிக்கிறவர் கடையை விட்டுப் போகமாட்டார். பிறகுதான் மெதுவாக இறங்கினேன்.

"எதுவும் வேண்டாம் மாத்தயா. தட்டியிருக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை. அந்தப் பெண்ணுக்குப் போய்ச் சேருகிற மாதிரி."

"முதலாளி, கசிப்புக்காரன் வீட்டில் தட்டினால் என்ன நடக்கும்? கீழ் லயத்தில் நாய் குரைத்ததுமே மேல் லயத்தில் கலன் காலியாகிவிடும். பிறகு நாங்கள் சாக்கடைக் கானை மோந்துகொண்டு நிற்பதா?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. விலைக் கட்டுப்பாட்டுக்காரர்களின் வாகனம் சந்தியில் திரும்புவதற்குள் மேல் கடையிலிருந்து கீழ்க் கடைக்கு போன் பறந்துவிடும். பதுக்க வேண்டியதைப் பதுக்கிவிட்டுப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருவன். தட்டிவிட்டு வந்தால் திருடனுக்கு லாபம் என்பது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"கடை வேறு மாத்தயா" என்றேன். "கடையை நாங்கள் திறந்து வைத்துக்கொண்டு வா வா என்கிறோம். வீடு அப்படியா?"

"யாருடைய வீடு? கட்டிடம் கம்பனியுடையது. நாங்கள் சும்மா போகவில்லை. முதலில் தோட்டத்தை நடத்துகிற பெரிய துரையிடம் போய்க் கேட்டோம். அவர் போய்ப் பாருங்கள் என்றார்."

"பங்களாவுக்கா போனீர்கள்?"

"ஆமாம். மணி அடித்தோம். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வரும்வரை நின்றோம்."

"மணி அடித்தீர்களா?"

"அடிக்காமல்? துரையின் வீடாச்சே."

சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் நிறுத்தினார். வியாபாரத்தில் எதிராளி தன் தராசைத் தானே காட்டிக்கொடுக்கும்போது வாயைத் திறக்கக்கூடாது. ஆனால் அவர் அனுபவசாலி. உடனே அடுத்த படிக்கல்லைத் தூக்கி வைத்தார்.

"அதைவிடுங்கள். அந்தப் பெண்ணே எங்களை உள்ளே கூப்பிட்டாள்." உள்ளே திரும்பி ஒரு கான்ஸ்டபிளை அழைத்தார். "இவருக்குத் தமிழ் தெரியும். கேளுங்கள்."

வந்த பையன் தமிழ் வகுப்பில் படித்துத் தேறியவன். புத்தகம் மாதிரியே நின்று, புத்தகம் மாதிரியே பேசினான்.

"ஆம் ஐயா. 'கதவு திறந்தே இருக்கின்றது, தள்ளிவிட்டு உள்ளே வாருங்கள்' என்று அம்மையார் அழைத்தார்."

"அம்மையார் யாரை அழைச்சாங்க தம்பி?"

"அது குறிப்பிடப்படவில்லை ஐயா."

அவனைக் கோபிக்கவும் முடியவில்லை. நான் ஓ.ஐ.சி.யிடம் திரும்பினேன். "மாத்தயா, பகலில் லயத்தில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. அக்கா, மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போய்விடுவார்கள். மாமியார் வெந்நீரோடு வருகிறாள் என்று நினைத்துச் சொல்லியிருக்கிறாள். நீங்கள் தட்டியிருந்தால் அதுவே போதும். தட்டுகிறவன் லயத்து ஆள் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். ஒரு துணியை எடுத்துப் போர்த்தியிருப்பாள். அவ்வளவு நேரத்தில் எந்தக் கசிப்பு ஓடிவிடப்போகிறது? அந்த வீட்டில் இருந்தது கஷாயம்."

அவர் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். கான்ஸ்டபிளைப் போகச் சொன்னார். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். இறங்கி வருகிறார் என்று என் தொழில் மூக்கு சொன்னது. இறங்கித்தான் வந்தார், ஆனால் வேறு படியால்.

"கதவு உடைந்தது உண்மை. அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு தச்சு பாஸ் இருக்கிறார். நல்ல பலாக் கதவு ஒன்று போடச் சொல்கிறேன். பழையதைவிட நல்லதாகவே."

"கதவோடு அந்த வார்த்தையும்..."

"அந்த வார்த்தையைச் சொன்னால் நாளைக்கு எல்லா லயத்திலும் கேட்பார்கள், முதலாளி."

"எழுத வேண்டாம். வாயால் சொன்னால் போதும்."

"கதவு வேண்டுமா, வேண்டாமா?"

கேள்வி அப்படி வந்தால் வேண்டும் என்றுதான் என் வாய் சொல்லும். சொல்லிவிட்டது. வெளியே வந்து வேனில் ஏறிய பிறகுதான், கேட்கப் போன சாமான் வேறு, வாங்கிக்கொண்டு வந்தது வேறு என்று உறைத்தது. வீட்டில் அசீசா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என்ன மரம்?" என்றாள்.

கதவு வந்தது. சும்மா சொல்லக்கூடாது, முதல்தரப் பலா. பிணைச்சல் பித்தளை. மாயாண்டி அதைத் திறப்பதும் சாத்துவதுமாக நின்றார். வேலை முடிந்து வந்தவர்கள் எல்லாம் ஒரு கை வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"தொர பங்களாவுலகூட இப்பிடி இல்ல நானா" என்றார் மாயாண்டி. "விரலால தொட்டா போதும், சத்தமே இல்லாம போகுது பாருங்க."

அடுத்த காம்பராக் காளியாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கதவை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன் ராக்காயி, எங்க வீட்டையும் ஒருக்கா ஒடைக்கச் சொல்லேன். எங்க கதவ வெறகுக்குக்கூட யாரும் எடுக்க மாட்டேங்குறாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஒம் மருமக வாய் நல்ல வாயிடி. வாங்கன்னு ஒரு வார்த்த சொன்னா, பலாக் கதவு வந்து நிக்குது."

யாரும் சிரிப்பை நிறுத்தவில்லை. கிஷாந்த் மட்டும் ஆணிப் பையை எடுத்துக்கொண்டு குசினிப் பக்கம் போய்விட்டான். ராக்காயி, உடைந்த பழைய பலகைகளைக் காளியாயியின் விறகுக் குவியலிலிருந்து ஒவ்வொன்றாக உருவி எடுத்துத் தன் சுவரோரம் சாத்தினாள். ஏன் என்று அப்போது நான் கேட்கவில்லை.

அந்த ஞாயிறு கிஷாந்தை ஏற்றிக்கொண்டு அக்கரப்பத்தனைக்குப் போனேன். கிருஷாந்தியின் தாய் வீடும் லயம்தான். பட்டப் பகலில் அந்த வரிசையில் ஒரு கதவு மட்டும் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. கிஷாந்த் கூப்பிட்டான்.

"யாரு?"

"நாந்தான்."

"கூட யாரு?"

"கடை நானா."

கொஞ்சம் பொறுத்துத்தான் தாழ்ப்பாள் விலகியது. கிருஷாந்தி நின்றாள். கழுத்துவரை ஸ்வெட்டர், காதை மூடிய துணி. பிள்ளை கையில். கிஷாந்த் பிள்ளையை வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தான். அவள் என்னைத்தான் பார்த்தாள்.

"சொன்னாங்களா நானா?"

"ஓ.ஐ.சி. ரொம்பக் கவலப்பட்டார் மகள்."

"என்ன சொல்லி கவலப்பட்டாரு?"

"நடந்தது சரியில்லைன்ற மாதிரித்தான் பேசினார்."

"மாதிரியா? சிங்களத்துலதான பேசியிருப்பாரு? அந்த வார்த்தைய அப்பிடியே சொல்லுங்க. நான் கொழும்புல வீட்டு வேல செஞ்சவ, எனக்கு வெளங்கும்."

உள்ளூர் ஆணியை ஜப்பான் ஆணி என்று சொல்லி விற்றிருக்கிறேன். அப்போதெல்லாம் தடுமாறாத நாக்கு அன்று தடுமாறியது. இல்லாத ஒரு வார்த்தையை எந்த மொழியில் சொல்வது?

அவளுக்கு விளங்கிவிட்டது. "சரி. சொல்லல. வேற என்ன குடுத்து அனுப்புனாங்க?"

"பலாக் கதவு மகள். பித்தளைப் பிணைச்சல். வந்து பாரு, மாயாண்டி அண்ணன் அதை விட்டு நகர மாட்டேங்கிறார்."

"எங்கிட்ட கதவு இருந்திச்சு நானா."

நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"நான் கூப்பிட்டேன், வந்தாங்கன்னு ஊரே பேசுது. கூப்பிட்டேன்தான். எங்க அத்தைய கூப்பிட்டேன். தட்டியிருந்தா யாருன்னு கேட்டிருப்பேன். யாருன்னு கேக்குறதுக்கு ஒரு நேரம் இருக்குல்ல, அதத்தான் அவங்க எடுத்துக்கிட்டாங்க. அதுக்குப் பதிலா பலக குடுத்தா சரியாப்போச்சா?"

"அப்ப என்னதான் செய்யச் சொல்ற?" என்றான் கிஷாந்த். குரல் உயர்ந்ததும் பிள்ளை சிணுங்கியது. தாழ்த்திக்கொண்டான். "அவங்க சொல்ல மாட்டாங்க. இந்தச் சென்மத்துல சொல்ல மாட்டாங்க. அதுக்காக நீ இங்கயே இருந்துருவியா? புள்ளைய நான் பஸ்ஸுல வந்து பாத்துட்டுப் போறதா?"

அவள் பிள்ளையைத் திருப்பி வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு, "சொல்ல மாட்டாங்கன்னா விடு" என்றாள். "ஆனா அந்தக் கதவ அவங்களுக்கே குடுத்துரு. பழைய கதவ மாட்டு. வர்றேன்."

"அது ஒடஞ்சு கெடக்கு."

"ஆணி விக்கிற கடையிலதான வேல செய்ற?"

நான் கடைசியாக ஒரு முயற்சி செய்தேன். கதவும் இருக்கட்டும், நீயும் வா, அந்தக் காளியாயி வாயை நான் அடைக்கிறேன் என்று. அவள் கோபப்படக்கூட இல்லை.

"இது கடை இல்ல நானா. கூட்டிக் கொறைக்காதீங்க. அந்தக் கதவுக்குப் பின்னால நான் இருந்தா, அவங்க குடுத்தத நான் வாங்கிக்கிட்டேன்னு அர்த்தம்."

நல்ல கதவைக் கழற்றி மோசமான கதவை மாட்டிய நாளில் மாயாண்டி வீட்டிலேயே இல்லை. வேண்டுமென்றே எங்கேயோ போய்விட்டார். போகும்போது, "கெடைச்ச ஒரே ஒரு நல்ல சாமானையும் திருப்பிக் குடுக்குற குடும்பம் இந்தத் தோட்டத்துலயே நம்ம குடும்பந்தான்" என்று லயம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாராம். ராக்காயி சுவரோரம் சாத்தி வைத்த பலகைகளை எடுத்துத் தந்தாள். தகரப் பட்டை வைத்து அடித்து ஒருவாறு ஒட்டினோம். தூக்கித் தள்ளினால்தான் திறக்கும் குணம் மட்டும் போகவில்லை. உள்பக்கத்துக்கு என் கடையிலிருந்து ஒரு கனமான தாழ்ப்பாளைக் கொண்டுபோய்ப் போட்டேன்.

பலாக் கதவை வேனின் கூரையில் கட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போனோம். ஓ.ஐ.சி. வாசலுக்கே வந்துவிட்டார்.

"என்ன இது?"

"வேண்டாமாம் மாத்தயா. கேட்டது கதவு இல்லையாம்."

"இதை நான் எதில் பதிவது? கொடுத்ததாகவே எங்கும் இல்லையே. திருப்பி எடுத்ததாக எப்படி எழுதுவது?"

"எழுத வேண்டாம். வைத்துக்கொள்ளுங்கள்."

"முதலாளி, எனக்குத் தெரியாதென்றா நினைக்கிறீர்கள்?" என்றார் மெதுவாக. பின்னால் கான்ஸ்டபிள்கள் நிற்பதைப் பார்த்தார். பாக்கியை விழுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கிஷாந்த் என் முகத்தைப் பார்த்தான். "என்ன சொன்னாரு நானா?"

அதைத்தான் நான் இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கிட்டத்தட்ட அவள் கேட்ட சாமான்தான். கைக்கு எட்டுகிற தூரத்தில் காட்டிவிட்டு உள்ளே எடுத்து வைத்துக்கொண்டார். பாதி வார்த்தையைக் கொண்டுபோய் அந்தப் பெண்ணிடம் நீட்டினால், மீதி எங்கே என்று கேட்பாள். "ஒண்டுமில்ல" என்றேன். கதவை மதிலோரம் சாத்திவிட்டு வந்தோம். வழியெல்லாம் மழை.

கிருஷாந்தி சொன்னபடி வந்துவிட்டாள். நான்தான் வேனில் ஏற்றி வந்தேன். கிஷாந்த் மறுநாளிலிருந்து ஒழுங்காக வேலைக்கு வந்தான். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

பிறகு ஒரு காலை பிள்ளையைப் பார்க்க அசீசாவும் நானும் மேக்கணக்குக்கு ஏறினோம். மூட்டமாக இருந்தது. ராக்காயி இஸ்தோப்பில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையிலும் துணி சுற்றிப் பிடித்த வெந்நீர்ப் பானை. பானையிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. கதவு சாத்தியிருந்தது. கை ஒழியாததால் முழங்காலால் கதவை இடித்தாள்.

"கிருஷாந்தி, நாந்தாண்டி."

"யாரு?"

"நாந்தான், அத்த. தண்ணி கொண்டாந்திருக்கேன்."

"வேற யாரு அங்க?"

"கடை நானாவும் அவுக சம்சாரமும்."

"அவர கொஞ்சம் அந்தப் பக்கம் போகச் சொல்லுங்க."

நான் கானைத் தாண்டி, லயத்தின் கோடிக்குப் போய்த் திரும்பி நின்றேன். அங்கே வேலிக் குச்சி வெட்டிக்கொண்டிருந்த ஒருவர், முந்தாநாள் கீழ் லயத்திலும் தேடினார்கள் என்று சொன்னார். தட்டினார்களா என்று கேட்டேன். இது என்ன கேள்வி என்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டு வெட்டுவதைத் தொடர்ந்தார்.

பின்னால் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. நல்ல சரக்கு, இரும்புக்கு இரும்பு பிடித்து உட்காரும், எடுக்க நேரமாகும். அது அவ்வளவு ஒழுங்காக வேலை செய்ததில் எனக்குக் கொஞ்சமும் சந்தோசம் இல்லை. பிறகு கதவு அதன் வழக்கப்படி மாட்டிக்கொண்டது. உள்ளேயிருந்து கிருஷாந்தி தூக்க, வெளியேயிருந்து ராக்காயி தோளால் தள்ள, ஒரு வழியாகத் திறந்தது.

"பொலிசுக்காரன் தட்ட மாட்டேங்குறான்" என்று ராக்காயி அசீசாவிடம் சொல்வது கேட்டது. "பெத்த மகளாட்டம் பாத்துக்கிற நான் தட்டிக்கிட்டு நிக்கிறேன்."

அதற்குப் பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். ராக்காயி பானைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். உள்ளே போகவில்லை. ஆறிப்போன தண்ணீரைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் குசினிக்குப் போனாள். அவள் முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள் மறுபடியும் விழுந்தது.